தமிழ்நாட்டில் கல்வி மாவட்டங்கள்: பேகம்பூரை முன்வைத்து ஒரு வரலாறு

பேகம்பூர் திண்டுக்கல் நகரின் பழைய குடியிருப்புப் பகுதிகளில் ஒன்று. 18ஆம் நூற்றாண்டில் திண்டுக்கல் கோட்டையை ஆண்ட ஐதர் அலியின் சகோதரி அமீருன்னிசா பேகத்தின் பெயரால் இவ்வூர் வழங்குவதாகக் கூறுவர். இங்குள்ள பெரிய பள்ளிவாசலும் தோல் பதனிடும் தொழிலும் இப்பகுதியின் அடையாளங்கள்.

பேகம்பூரில் வாழும் ஒரு குழந்தை நடந்தோ மிதிவண்டியிலோ சென்று சேரக்கூடிய தொலைவில் பல வகைப் பள்ளிகள் உள்ளன. ஒன்றின் பெயர்ப் பலகையில் 'மாநகராட்சி' என்றிருக்கும். மற்றொன்றில் 'அரசு உதவி பெறும்' என்றிருக்கும். நகர எல்லையைத் தாண்டினால் 'ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி' என்ற பலகையைக் காணலாம். சற்றுத் தொலைவில் உள்ள கிராமங்களில் 'அரசு கள்ளர்', 'அரசு ஆதிதிராவிடர் நலம்' என்ற சொற்களும் பலகையில் வரும். எல்லாப் பள்ளிகளிலும் பாடநூல் ஒன்று, பொதுத் தேர்வும் ஒன்று. ஆனால் பள்ளி யாருடையது, அதை யார் பார்வையிடுவார், கூரை ஒழுகினால் யாரிடம் முறையிடுவது ஆகிய கேள்விகளுக்கு ஒவ்வொரு பலகைக்கும் ஒரு விடை உண்டு. இந்த வேறுபாடுகள் ஏறத்தாழ 200 ஆண்டுகளில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தவை.

கல்வி மாவட்டம் என்றால் என்ன?

'பள்ளி மாவட்டம்' என்ற சொல் அமெரிக்காவில் ஒரு தனி உள்ளாட்சி அமைப்பைக் குறிக்கும். அங்குள்ள பெரும்பாலான பள்ளி மாவட்டங்களுக்கு மக்கள் தேர்ந்தெடுத்த வாரியம் உண்டு. வாரியம் கண்காணிப்பாளரை நியமிக்கும். பள்ளிச் செலவில் கணிசமான பகுதி அந்தப் பகுதியின் சொத்துவரியிலிருந்தே வருகிறது. அந்நாட்டில் இத்தகைய மாவட்டங்கள் ஏறத்தாழ 13,000 உள்ளன. ஹவாய் மாநிலம் மட்டும் முழுவதும் ஒரே பள்ளி மாவட்டமாக இயங்குகிறது.

தமிழ்நாட்டின் 'கல்வி மாவட்டம்' இதிலிருந்து அடிப்படையில் வேறானது. அதற்குத் தேர்தல் இல்லை, வாரியம் இல்லை, வரி விதிக்கும் உரிமையும் இல்லை. அது மாவட்டக் கல்வி அலுவலர் (டி.இ.ஓ.) ஒருவரின் அதிகார எல்லை மட்டுமே. வருவாய் மாவட்டம் முழுவதற்கும் முதன்மைக் கல்வி அலுவலர் (சி.இ.ஓ.), அவருக்குக் கீழ் கல்வி மாவட்டங்களுக்கு டி.இ.ஓ.க்கள், வட்டார அளவில் வட்டாரக் கல்வி அலுவலர்கள் (பி.இ.ஓ.) என்பது பொதுவான அடுக்கு. அதிகாரம் சென்னையிலிருந்து கீழே இறங்குகிறது. ஒரு காலத்தில் உள்ளூர் வரியும் உள்ளூர்த் தேர்தலும் தமிழ்நாட்டுப் பள்ளிகளோடும் பிணைந்திருந்தன. அந்தப் பிணைப்பு எப்படி உருவாகி எப்படித் தளர்ந்தது என்பதே இந்த வரலாற்றின் மையம்.

மன்றோவின் கணக்கெடுப்பு

திண்டுக்கல் பகுதி 1792இல் சீரங்கப்பட்டின உடன்படிக்கையின்படி கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்கு உட்பட்டது. அன்றைய பள்ளிகள் திண்ணைப் பள்ளிகளும் மசூதிகளை ஒட்டிய மக்தபுகளும்தான். ஆசிரியருக்கு ஊராரே நெல்லாகவும் காசாகவும் கொடுத்தனர். பள்ளிகளை நிர்வகிக்க அரசுத் துறை எதுவும் இல்லை.

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் பள்ளிகளைப் பற்றிய கணக்கெடுப்புக்கு ஆணையிட்டார். ஒவ்வொரு கலெக்டரும் தம் மாவட்டப் பள்ளிகளின் எண்ணிக்கையையும் மாணவர் விவரங்களையும் சாதிவாரியாக அனுப்ப வேண்டும் என்பது ஆணை. மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருப்பதாக அந்தக் கணக்கு காட்டியது. இதன் அடிப்படையில் 1826இல் மன்றோ ஒரு திட்டத்தை முன்வைத்தார். ஒவ்வொரு கலெக்டர் மாவட்டத்துக்கும் இந்துக்களுக்கு ஒன்றும் முசுலிம்களுக்கு ஒன்றுமாக இரண்டு முதன்மைப் பள்ளிகள், ஒவ்வொரு தாசில்தார் எல்லைக்கும் ஒரு பள்ளி என்பது அதன் சாரம். நிலவரி வசூலுக்காக வரையப்பட்ட எல்லைகளே பள்ளிகளுக்கும் எல்லையாகக் கொள்ளப்பட்டன. தாசில்தார் பள்ளிகள் நீடிக்கவில்லை, 1836இல் கைவிடப்பட்டன. ஆனால் வருவாய் நிர்வாக எல்லையைப் பள்ளி நிர்வாகத்துக்கும் பயன்படுத்தும் வழக்கம் நிலைத்துவிட்டது.

ஆய்வாளரும் மானியமும்

1854ஆம் ஆண்டின் உட் அறிக்கை ஒவ்வொரு மாகாணத்திலும் பொதுக் கல்வித் துறை ஒன்றை அமைக்கப் பணித்தது. சென்னை மாகாணத்தில் அலெக்சாண்டர் ஆர்பத்நாட் முதல் பொதுக் கல்வி இயக்குநரானார். மாகாணம் ஆய்வாளர் வட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. இன்றைய கல்வி மாவட்டத்தின் மூதாதை இந்த ஆய்வாளர் வட்டமே. ஆய்வாளர் பள்ளிகளை நடத்துபவர் அல்லர். பார்வையிட்டு மதிப்பிட்டு அறிக்கை தருபவர். பின்னாளில் முசுலிம் பள்ளிகளைப் பார்வையிடத் தனித் துணை ஆய்வாளர்களும், பெண்கள் பள்ளிகளுக்குப் பெண் ஆய்வாளர்களும் அமர்த்தப்பட்டனர்.

அதே அறிக்கை மானிய முறையையும் கொண்டுவந்தது. தனியார் நடத்தும் பள்ளி அரசின் விதிகளுக்கு உட்பட்டால் அரசு உதவித்தொகை அளிக்கும். திண்டுக்கல் பகுதியில் அமெரிக்க மதுரை மிஷனும் இயேசு சபையினரும் நடத்திய பள்ளிகள் இம்முறையால் வளர்ந்தன. டட்லி, புனித மரியன்னை போன்ற திண்டுக்கல்லின் பழைய பள்ளிகள் அந்தக் காலத்தின் தொடர்ச்சி. பலகையில் இன்று காணும் 'அரசு உதவி பெறும்' என்ற தொடரின் வேர் இதுவே.

உள்ளாட்சிகளின் வருகை

திண்டுக்கல் நகராட்சி 1866இல் அமைந்தது. 1871இல் இயற்றப்பட்ட சட்டங்கள், நகரங்களில் நகராட்சிகளும் பிற பகுதிகளில் உள்ளாட்சி நிதி வட்டங்களும் சாலை, மருத்துவமனை ஆகியவற்றுடன் பள்ளிக்கும் செலவிட வழி செய்தன. வைஸ்ராய் ரிப்பன் 1882இல் வெளியிட்ட உள்ளாட்சித் தீர்மானத்தைத் தொடர்ந்து 1884இல் மாவட்ட வாரியங்களும் தாலுகா வாரியங்களும் அமைக்கப்பட்டன. அவற்றின் பணிகளில் தொடக்கக் கல்வியும் ஒன்று. நகராட்சிக்குள் நகராட்சிப் பள்ளி, வெளியே வாரியப் பள்ளி என்ற பிரிவு இக்காலத்தில் உறுதிப்பட்டது. 'போர்டு ஸ்கூல்' என்ற பெயர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் பல தலைமுறைகள் கழித்தும் முதியோர் பேச்சில் நிலைத்திருந்தது.

1920ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் இதை அடுத்த கட்டத்துக்குக் கொண்டு சென்றது. உள்ளாட்சிகள் கல்வி வரி விதிக்கவும், அரசின் ஒப்புதலோடு கட்டாயக் கல்வியை அறிமுகப்படுத்தவும் சட்டம் இடமளித்தது. மாவட்டந்தோறும் 'மாவட்டக் கல்வி மன்றம்' அமைக்கப்பட்டது. அலுவலர்களோடு உள்ளாட்சிப் பிரதிநிதிகளும் பள்ளி நிர்வாகிகளும் அதில் இடம்பெற்றனர். பள்ளிகளுக்கு அங்கீகாரம் அளிப்பதிலும் மானியம் வழங்குவதிலும் மன்றத்துக்கு அதிகாரம் இருந்தது. தமிழ்நாடு அமெரிக்கப் பள்ளி மாவட்டம் போன்ற ஓர் அமைப்பை மிக நெருங்கிய காலம் இது. அது நீடிக்கவில்லை. தாலுகா வாரியங்கள் 1934இல் கலைக்கப்பட்டன. 1930களின் இறுதியில் மாவட்டக் கல்வி மன்றங்களும் நீக்கப்பட்டன. மன்றங்களின் பணி கல்வித் துறை அலுவலர்களிடம் சென்றது. கல்வி வரி மட்டும் தங்கிவிட்டது. சொத்துவரியோடு கல்வி வரியையும் சேர்த்து வசூலிப்பது தமிழக நகரங்களில் தொடர்ந்து வந்த வழக்கம்.

எல்லைக்கு இப்பாலும் அப்பாலும்

நகராட்சி எல்லை வரி தொடர்பானது மட்டுமன்று என்பதை 1953ஆம் ஆண்டு நிகழ்வுகள் காட்டின. முதலமைச்சர் இராசாசி அறிமுகப்படுத்திய புதிய தொடக்கக் கல்வித் திட்டம் பள்ளி நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைத்தது. மீதி நேரத்தில் குழந்தைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்றது. எதிர்ப்பாளர்கள் இதைக் 'குலக்கல்வித் திட்டம்' என்றழைத்துப் போராடினர். அத்திட்டம் கிராமப்புறப் பள்ளிகளுக்கு மட்டுமே நடைமுறைக்கு வந்தது. நகராட்சிக்குள் இருந்த பள்ளியின் மாணவருக்கு முழு நாள் பாடம். எல்லைக் கல்லுக்கு அப்பால் படித்தவருக்கு அரை நாள் பாடம். 1954இல் முதலமைச்சரான காமராசர் திட்டத்தைக் கைவிட்டார்.

காமராசர் காலத்தில் பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு பள்ளிகளின் விரிவாக்கத்தில் முக்கியப் பங்காற்றினார். 1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. உள்ளூர் மக்களின் நன்கொடையும் உழைப்பும் அரசின் பணத்தோடு சேர்ந்த திட்டம் அது.

ஒன்றியப் பள்ளிகளும் 1981ஆம் ஆண்டின் மாற்றமும்

1958ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம் மாவட்ட வாரியங்களுக்கு முடிவு கட்டியது. அவற்றின் தொடக்கப் பள்ளிகள் புதிதாக அமைந்த ஊராட்சி ஒன்றியங்களுக்கு மாற்றப்பட்டன. 1961ஆம் ஆண்டுக்குள் மாநிலம் முழுவதும் ஊராட்சி ஒன்றியங்கள் அமைந்தன. இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தில் 14 ஊராட்சி ஒன்றியங்கள் உள்ளன. நகரையொட்டிய சீலப்பாடி, பாலகிருஷ்ணாபுரம் போன்ற ஊராட்சிகள் திண்டுக்கல் ஒன்றியத்தைச் சேர்ந்தவையாக இருந்து வந்தன. பேகம்பூர் நகராட்சியின் பகுதியாகவே தொடர்ந்தது.

ஒன்றியத்தின் கீழ் ஆசிரியர்கள் உள்ளாட்சி ஊழியர்களாக இருந்தனர். அவர்களுடைய நியமனமும் இடமாற்றமும் ஒன்றிய நிர்வாகத்தின் கையில் இருந்தன. பள்ளி மக்களுக்கு அருகில் இருந்தது உண்மை. அதேவேளை உள்ளூர் அரசியலுக்கும் அது அருகில் இருந்தது. தேர்தலில் யாருக்கு வேலை செய்தார், யாருடைய உறவினர் என்பவை ஆசிரியரின் இடமாற்றத்தைத் தீர்மானிக்கும் நிலை பற்றி ஆசிரியர் அமைப்புகள் தொடர்ந்து குறை கூறின. அரசு ஊழியர்களுக்குரிய பணிப் பாதுகாப்பு வேண்டும் என்பது அவர்களின் நெடுநாள் கோரிக்கை.

எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1981 சூன் 1 முதல் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்களாக்கப்பட்டனர். 1986இல் தொடக்கக் கல்விக்குத் தனி இயக்குநரகம் ஏற்பட்டது. ஆசிரியர்கள் சம்பளத்திலும் பணிப் பாதுகாப்பிலும் பெற்ற நன்மை பெரிது. ஏழை ஒன்றியம், செல்வமிக்க ஒன்றியம் என்ற வேறுபாடு ஆசிரியர் சம்பளத்தில் இல்லாமல் போனது. சொத்துவரியை நம்பும் அமெரிக்கப் பள்ளி மாவட்டங்களில் இந்த வேறுபாடு இன்றும் பெரும் சிக்கல் என்பதை இங்கு ஒப்பிடலாம். மறுபுறம், ஒன்றியத்துக்குப் பள்ளியின் கட்டடமும் பலகையும் மட்டுமே மிஞ்சின. ஆசிரியர் ஒரு துறைக்கும் சுவர் மற்றொரு துறைக்கும் உரியவை ஆயின. பாடம் நடக்கவில்லை என்றால் கல்வித் துறை, கழிப்பறை பழுதென்றால் ஊரக வளர்ச்சித் துறை என்று பெற்றோர் அலைய நேர்வது இந்தப் பிரிவினையின் விளைவு. மாநகராட்சிப் பள்ளியில் கட்டடம் தொடர்பான முறையீடு நகராட்சி நிர்வாகத் துறையின் பக்கம் போகும்.

துறைக்கு வெளியே உள்ள அரசுப் பள்ளிகள்

எல்லா அரசுப் பள்ளிகளும் கல்வித் துறையில் தோன்றவில்லை. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கொடுமைக்கு ஆளான பிரமலைக் கள்ளர் மக்களுக்காக ஆங்கில அரசு தொடங்கிய கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் மட்டும் உள்ளன. ஒடுக்கப்பட்ட மக்களின் குழந்தைகளை மற்ற பள்ளிகள் சேர்க்க மறுத்த காலத்தில் தொழிலாளர் துறை திறந்த பள்ளிகள் பின்னர் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் ஆயின. மலைப் பகுதிகளில் பழங்குடியினர் நலப் பள்ளிகள் செயல்படுகின்றன. பழனி தண்டாயுதபாணி கோயில் நிர்வாகமும் பள்ளிகளை நடத்துகிறது.

இவற்றையெல்லாம் பள்ளிக் கல்வித் துறையின் கீழ்க் கொண்டுவருவதாக 2023-24 வரவு செலவுத் திட்டத்தில் தமிழக அரசு அறிவித்தது. தரமும் கண்காணிப்பும் மேம்படும் என்பது அரசின் வாதம். தங்கள் சமூகத்துக்கென ஏற்பட்ட பள்ளியின் தனி அடையாளமும் அதற்கான நிதியும் கரைந்துவிடும் என்பது எதிர்ப்பாளர்களின் அச்சம். நிர்வாக இணைப்பு என்று அரசு கருதியதை அம்மக்களில் பலர் உரிமை இழப்பாகக் கண்டனர்.

2018, 2022: அடுக்குகளின் மாற்றம்

திண்டுக்கல் 1985 செப்டம்பர் 15 அன்று மதுரையிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. அதன்பின் பேகம்பூர்ப் பள்ளிகள் குறித்த முடிவுகளுக்கு மதுரை வரை செல்லும் தேவை குறைந்தது. ஆனாலும் ஒரே மாவட்டத்தில் தொடக்கப் பள்ளிக்கு ஓர் அலுவலர், உயர்நிலைப் பள்ளிக்கு வேறோர் அலுவலர், மெட்ரிகுலேசன் பள்ளிக்கு மற்றோர் ஆய்வாளர் என்ற நிலை இருந்தது.

2018 மே மாதத்தில் வெளியான அரசாணை இந்தத் தனித்தனி வழிகளை ஒன்றாக்கியது. மாவட்டத் தொடக்கக் கல்வி அலுவலர் பதவி நீக்கப்பட்டது. உதவித் தொடக்கக் கல்வி அலுவலர் வட்டாரக் கல்வி அலுவலரானார். எல்லா வகைப் பள்ளிகளும் முதன்மைக் கல்வி அலுவலரின் கீழ் வந்தன. மாநிலத்தின் கல்வி மாவட்டங்கள் 67இலிருந்து 120 ஆக உயர்ந்தன. திண்டுக்கல் மாவட்டத்தில் திண்டுக்கல், பழனி ஆகியவற்றோடு வத்தலகுண்டு, வேடசந்தூர் ஆகியவையும் கல்வி மாவட்டங்கள் ஆயின. கொடைக்கானல் மலை முதல் குஜிலியம்பாறைச் சமவெளி வரை விரிந்த மாவட்டத்தில் அலுவலகம் அருகில் இருப்பது ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் பயண நேரத்தை மிச்சமாக்கியது. ஆனால் தொடக்கப் பள்ளி முதல் மேல்நிலைப் பள்ளி வரை ஒரே அலுவலர் பார்க்கும்போது பொதுத் தேர்வு வகுப்புகளே அவர் கவனத்தைப் பிடித்துக்கொள்கின்றன, தொடக்கப் பள்ளிகள் பின்தள்ளப்படுகின்றன என்ற குறை எழுந்தது.

2022இல் அமைப்பு மீண்டும் மாற்றப்பட்டது. தொடக்கக் கல்வி, இடைநிலைக் கல்வி, தனியார் பள்ளிகள் என மாவட்டக் கல்வி அலுவலர் பதவிகள் பிரிக்கப்பட்டன. நான்கே ஆண்டுகளில் இரு முறை வரைபடம் மாறியது. இரண்டு முறையும் மாற்றத்தை முடிவு செய்தது தலைநகர். கல்வி மாவட்ட எல்லையைப் பற்றி எந்த ஊரிலும் வாக்கெடுப்பு நடக்கவில்லை.

பலகை தரும் உரிமைகள்

இந்த வேறுபாடுகள் அலுவலகக் கோப்புகளோடு நின்றுவிடுவதில்லை. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்டபோது 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகள் அதில் சேர்க்கப்பட்டன. 2023 ஆகஸ்டு 25 அன்று அது மாநிலத்தின் அனைத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. ஊரகப் பகுதிகளின் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு 2024 சூலை 15 அன்று வந்தது. நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கு 2025 ஆகஸ்டு 26 அன்றுதான் கிடைத்தது. பேகம்பூரில் ஒரே தெருவில் வாழும் இரு குழந்தைகளில் ஒருவர் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியிலும் மற்றவர் உதவி பெறும் தொடக்கப் பள்ளியிலும் படித்திருந்தால், இரண்டாமவர் முதலாமவரைவிடக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் காத்திருந்திருப்பார். இரு குடும்பங்களின் வருமானமும் ஒன்றாகவே இருந்திருக்கலாம். வேறுபட்டது பலகை மட்டுமே.

மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையிலும் இதே நிலை. 2020இல் இயற்றப்பட்ட 7.5 விழுக்காடு உள் இடஒதுக்கீட்டுச் சட்டம் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு உரியது. மாநகராட்சிப் பள்ளியும் கள்ளர் சீரமைப்புப் பள்ளியும் ஆதிதிராவிடர் நலப் பள்ளியும் இதில் அடங்கும். அரசு உதவி பெறும் பள்ளி அடங்காது. ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று பெற்றோர் எடுக்கும் முடிவு, அவர்கள் அறிந்தோ அறியாமலோ, ஏழு ஆண்டுகள் கழித்துக் கிடைக்கும் வாய்ப்பையும் முடிவு செய்கிறது.

பள்ளி மேலாண்மைக் குழு

2009ஆம் ஆண்டின் இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் உள்ளூர் மக்களைப் பள்ளி நிர்வாகத்துக்குள் மீண்டும் கொண்டுவர முயன்றது. அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு அமைய வேண்டும், உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று அது விதித்தது. தமிழ்நாட்டில் 2022இல் இக்குழுக்கள் 20 உறுப்பினர்களோடு மறுகட்டமைக்கப்பட்டன. பெற்றோருடன் தலைமையாசிரியர், ஆசிரியர், உள்ளாட்சி உறுப்பினர்கள் ஆகியோரும் ஒரே மேசையில் அமர்கின்றனர்.

குழுவுக்கு வரி விதிக்கும் உரிமையோ ஆசிரியரை நியமிக்கும் உரிமையோ இல்லை. பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிக்கவும், தேவைகளைத் தீர்மானமாக நிறைவேற்றி மேலே அனுப்பவும், நிதி சரியாகச் செலவாகிறதா என்று பார்க்கவும் அது உரிமை பெற்றது. 1920இன் மாவட்டக் கல்வி மன்றத்தோடு ஒப்பிட்டால் இதன் அதிகாரம் சிறிது. ஆனால் அந்த மன்றத்தில் சாதாரணப் பெற்றோருக்கு, அதிலும் தாய்மாருக்கு, இடமில்லை. தோல் பதனிடும் தொழிலாளியின் மனைவியோ பூட்டுத் தொழிலாளியின் மனைவியோ தம் குழந்தையின் பள்ளியைப் பற்றி முறைப்படி கேள்வி கேட்கச் சட்டம் வழி செய்தது இதன் மூலமே.

இரண்டு நூற்றாண்டுகளில் பள்ளி நிர்வாகம் ஊராரிடமிருந்து கலெக்டருக்கும், அங்கிருந்து வாரியத்துக்கும், பின் ஒன்றியத்துக்கும், இறுதியில் மாநிலத் துறைக்கும் நகர்ந்தது. ஒவ்வொரு நகர்விலும் சிலருக்கு உரிமை கிடைத்தது, சிலரின் குரல் குறைந்தது. பேகம்பூரில் பள்ளியைத் தேடும் பெற்றோர் கட்டடத்தையும் தேர்ச்சி விழுக்காட்டையும் பார்ப்பது வழக்கம். அவற்றோடு வாயிலில் உள்ள பலகையையும் ஒரு முறை படிப்பது பயன் தரும். அந்தப் பள்ளியில் எந்த நலத்திட்டம் கிடைக்கும், குறை இருந்தால் எந்த அலுவலகத்தின் படியேற வேண்டும் என்பதை அந்த ஒரு வரி சொல்லிவிடும்.